கம்பிதான் அறுந்தது

பிளாக் 19, நெய்வேலி
14.11.2014

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. வழக்கம்போல இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயாவது நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி, ரூமில் தனியாக இருக்கும்போது படி.

தம்பி இளம்பரிதிக்கு முப்பதாம் நாளும் முடிந்தது. நீ பதினாறாம் நாள் காரியம் முடித்து மஸ்கட் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. நானாவது ஃபர்ஸ்ட் ஷிப்ட் போய் மைன்ஸில் நாலு முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், உன் அம்மாவுக்கு அதுவும் இல்லை. சரஸ்வதி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். எதிர் குவார்ட்டர்ஸ் கனகம் சோறு கொண்டுவந்து வைத்தால் இரண்டு வாய், அதோடு சரி. அந்தக் கட்டிங் பிளேயரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள், பாவி மகள்.

பாய்மரக் கம்பியில் ஸ்பிளிட் பின் போட்டிருந்தானாப்பா என்று நீ அன்றைக்குக் கேட்டாயே, போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நீ, கேட்கத்தான் செய்வாய். அது என்ன பின் என்று அவள் விடவே இல்லை. கம்பியை இறுக்குகிற டர்ன்பக்கிள் தானாகத் திருகிக் கழன்றுவிடாமல் பிடிப்பது என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. நீ அந்தச் சின்னப் படகை வாங்கி அனுப்பியதிலிருந்து இளம்பரிதி பாய்மரக் கம்பியை நம் ஊர் வழக்கப்படிதானே கட்டினான், கரண்டுக் கம்பத்து ஸ்டே கம்பி மாதிரி, தட்டினால் டிங்கென்று கேட்க வேண்டும் அவனுக்கு. இப்படி இழுத்தால் பலகை பிய்ந்துவிடும்டா, கொஞ்சம் தளர்த்து, டேப் வைத்து அளந்து இரண்டு பக்கமும் சமமாக விடு என்று நீ சொன்னாய். அதற்காக முதல் நாள் சாயங்காலம் பின்களை உருவினான், இருட்டிவிட்டது. விடிந்தால் ஆயுத பூஜை. காலையில் கையாலேயே திருகி அளந்து சரிபண்ணிவிட்டு, பின்னை மாட்டி மடக்க பிளேயர் கேட்டான். அதற்குள் அவள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள். சாமிகிட்ட வச்சத நாளைக்கு மறுபூசை போட்டுத்தான்டா எடுக்கணும், ஒரு நாளு பொறுத்துக்கினா என்னா கொறஞ்சா பூடும் என்றாள். சரி தாயே என்று கும்பிட்டுச் சிரித்துவிட்டு, லீவு நாளாயிற்றே என்று கூட்டாளி அசீமைக் கூட்டிக்கொண்டு பெருமாள் ஏரிக்குப் போய்விட்டான். காற்றில் பாய்மரம் அவன் தலையிலேயே சாய்ந்ததும், அசீம் குதித்து இழுத்து வந்ததும் உனக்குத் தெரியும்.

ஒரு பிளேயரு குடுக்காம எம்புள்ளய நாந்தான் கொன்னுட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரன் படக விடட்டும், அந்தப் பின்னு இருக்கா இல்லியான்னு எங்கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசிக்கறேன் என்றாள். அப்புறம் என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அசீமும் படகை டாடா ஏஸில் ஏற்றி வந்தோம். வடக்குத்து வருவதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அவனையும் டிரைவரையும் டீ குடிக்க அனுப்பினேன். வலது பக்க டர்ன்பக்கிள் கழன்று தனியாகத் தொங்கியது. பின் இல்லை. கம்பி புத்தம் புதிது, ஓர் இழைகூடப் போகவில்லை. நல்ல கம்பிதான் அனுப்பியிருந்தாய். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அவன் உருவிப் போட்ட பின்களையும் ஓர் உளியையும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். டர்ன்பக்கிளைத் திருகி மூட்டினேன், இரண்டு பக்கமும் பழைய பின்னைப் போட்டு மடக்கி மண்ணைத் தேய்த்தேன். வலது கம்பியை மேலே உளி வைத்து வெட்டி இழை இழையாகப் பிரித்துவிட்டேன்.

வீட்டில் கொண்டுவந்து காட்டினேன். பின் இருக்கிறது பார், கம்பிதான் அறுந்தது, உன்னால் ஒன்றுமில்லை என்றேன். அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே படகின்மேல் சாய்ந்து ஓவென்று அழுதாள், அவன் போனபின் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அப்புறம் தானே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கை கழுவிக்கொண்டே, அந்தக் கம்பிய யாரு அனுப்பனது என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன் மணிமொழி, உளியை எடுத்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரியாதா என்ன.

உனக்குப் போன் போட்டுத் தரச் சொல்லித் தினமும் கேட்கிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை போன் ரிப்பேர் என்று சமாளிக்கிறேன். கண்டபடி பேசுவாள், வாங்கிக்கொள் தாயி. புதுக் கம்பிம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ அவள் பெற்ற பிள்ளை, உன்மேல் உள்ள கோபம் என்றைக்காவது ஆறும். உன்னிடம் இதைக் கேட்பது அநியாயம் என்று எனக்குத் தெரியும். உன்னால் முடியாது என்றால் திட்டியே எழுது, ஆனால் மைன்ஸ் விலாசத்துக்கு எழுது.

நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. பொங்கலுக்கு லீவு கேட்டிருப்பதாகச் சொன்னாய். இப்போது வர வேண்டாம் கண்ணு. அவளே உன்னைக் கூப்பிடுவாள், அப்போது வா.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோட்டி