பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஃபைல்

ஜூன் 3

ஏழாம் கட்டில் தங்கச்சிக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். பட்டுக்குட்டி சாப்பிடுகிறாளா? நானும் என் வாலுவும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, பழக்கம். போன் பண்ணக்கூடாதா என்று கேட்காதே. ஏழு வயசு வாலுக்கு உடம்பில் பாக்கி இருப்பது காது மட்டும்தான். போனில் நான் "ம்" என்றாலே, "என்னம்மா, என்னைப் பத்தியா?" என்கிறாள். எழுதினால், தைக்க அளவு குறிக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

உன் கட்டிலுக்கு வேறொரு அம்மா வந்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் எந்நேரமும் அழுகிறாள். நீயும் நானும் முறை வைத்து அழுதோம். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம்.

நீ கிளம்பிய அன்று காலையில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாரே, அதை உன்னிடம் முழுதாகச் சொல்ல நேரமில்லை. உனக்கென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்வார். நீ கணக்கு டீச்சர். தையற்காரிக்கு நின்றபடியேதான். நல்ல செல்லில் குரோமோசோம் நாற்பத்தாறு இருக்குமாம். பட்டுவின் புற்று பிடித்த கெட்ட செல்லில் ஐம்பத்து நான்கு. அப்படி அதிகமாக இருந்தால் மருந்துக்குச் சீக்கிரம் பணியுமாம். வாலுக்கு எத்தனை என்றேன். நாற்பத்தாறு. "அப்ப நல்லதுதானே டாக்டர்?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன். இல்லையாம். எண்ணிக்கை சரி, ஆனால் ஒன்பதாவதில் ஒரு துண்டும் இருபத்திரண்டாவதில் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், சட்டையில் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்த மாதிரி. ஆபத்து அதிகம் என்று ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நோயில்கூட உன் பிள்ளைக்கு எட்டு கூடுதல். எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வார்டில் பச்சை ஸ்டிக்கர்காரிகள் ஃபைலை வெளியே தெரியப் பிடித்து நடப்பார்கள். மஞ்சளும் சிவப்பும் வயிற்றுப் பக்கம் திருப்பி அணைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு வாரம் பச்சையைக் காட்டிக்கொண்டு நடந்தவள் நீ. கிளம்பிய அன்று மட்டும் ஏன் திருப்பி அணைத்துக்கொண்டு போனாய்? என் சிவப்பைப் பார்த்து இரக்கமா? அந்த இரக்கத்தை நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
ஆறாம் கட்டில் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிரித்தேன், வருத்தப்பட்டேன், மறுபடி சிரித்தேன்.

பட்டு நன்றாக இருக்கிறாள். வாசல்படியில் உட்கார்ந்து தெருவில் போகிற சைக்கிள்களை எண்ணுகிறாள். முடி முழுசாகக் கொட்டவில்லை, பின்கழுத்தில் ஒரு கொத்து பிடிவாதமாக நிற்கிறது. போன வாரம் ஒரு நாள் காய்ச்சல் வந்தது, மறுநாளே விட்டுவிட்டது. ஊசி மருந்தெல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போடுகிறார்கள்.

ஃபைல் விஷயத்தில் ஒன்றுமில்லை அக்கா. கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். உங்களுக்கு வயிறு எரிந்தால் எரியட்டும், எனக்குக் கோபமே இல்லை. வேறு எதையெல்லாம் பார்த்து எரிகிறது என்று எழுதுங்கள். நிஜமாகத்தான் கேட்கிறேன்.

வாலுக்கு மருந்து தொடங்கிய இருபத்தொன்பதாம் நாள் எலும்பு மஜ்ஜை எடுப்பார்கள். கெட்ட செல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். பத்தாயிரம் செல்லில் ஒன்றுக்கும் குறைவு என்று வந்தால் நல்லது. குரோமோசோமைவிட அந்த எண்தான் பெரிது என்று டாக்டரம்மா சொன்னார். என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்,
ஏழாம் கட்டில் தங்கச்சி


ஜூன் 24

தங்கச்சிக்கு,

எண் வந்துவிட்டது. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இடம் மாறி ஒட்டிய அந்தத் துண்டுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம், அதைத்தான் தினமும் கொடுக்கிறார்கள். வேலை செய்கிறது போலிருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் சிவப்புதான். "இன்னும் ரெண்டு வருஷம் போகணும்மா, இப்பவே குதிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. நான் குதிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. பட்டுவுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. ஊசியில் நூல் கோக்கிற நேரம்தான். ஆனால் பட்டது. ஐந்து வயசுப் பிள்ளை, என் மடியில் படுத்துக் கதை கேட்டவள். அப்புறம் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன் வீட்டு வாசல்படியைப் பார்த்து எரிகிறது, அந்தச் சைக்கிள்களைப் பார்த்து எரிகிறது, பின்கழுத்து முடியைப் பார்த்து எரிகிறது. என்னவள் தலை முட்டை மாதிரி இருக்கிறது. கேட்டாயே, எழுதிவிட்டேன், போதுமா?

என் எண்ணைக் கேட்டாய். உன் எண்ணை நீ சொல்லவே இல்லை. பூஜ்யம்தானே வந்தது? நான் கண் வைத்துவிடுவேன் என்று பயமா?

அக்கா


ஆகஸ்ட் 7

தங்கச்சிக்கு,

ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. காய்ச்சல் விஷயத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. எழுதியதை அழிக்கவும் முடியாது. வாலு தினமும், "பட்டு எங்கம்மா, என்னை மறந்துட்டாளா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். திட்டியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்கா,

திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் கிளம்பிய அன்று உங்களுக்கு முன்னால் டாக்டரம்மா என்னைத்தான் கூப்பிட்டார். பட்டுவின் இருபத்தொன்பதாம் நாள் எண் வந்திருந்தது. ஆயிரத்தில் மூன்று, அதாவது பத்தாயிரத்தில் முப்பது. குரோமோசோம் நல்லதாக இருந்தும் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகுமாம். என் கண் எதிரிலேயே பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். அதனால்தான் ஃபைலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள், "உனக்கென்னடி, கொடுத்து வெச்சவ" என்றீர்கள். அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது அக்கா. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். என்னைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் மட்டும்தான் என் பட்டு நன்றாக இருந்தாள். அவள் வாசல்படியில் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். நான் தினமும் என்பது போல எழுதினேன்.

பிறகு உங்கள் எண் வந்தது. படித்ததும் கடிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். சிவப்புக்காரிக்கு நல்ல எண், எனக்கு இதுவா என்று பல்லைக் கடித்தேன். உங்களுக்கு நூல் கோக்கிற நேரம்தான். எனக்கு இரண்டு மாதம். கடிதத்தை மறுநாளே எடுத்து நீவி வைத்துவிட்டேன், பதில்தான் எழுத வரவில்லை.

பலமான மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது எண்ணும் இறங்கவில்லை. இனி வேறொருவர் மஜ்ஜையை வாங்கி வைக்க வேண்டும் என்கிறார்கள். பத்தாம் தேதி அங்கேயே திரும்பி வருகிறோம். வாலு முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் முகத்திலும்தான். இனிமேல் என்னைப் பார்த்து யாருக்கு வயிறு எரியப்போகிறது?

தங்கச்சி


செப்டம்பர் 4

அடி பாவி,

முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு உன்னை மனசார ஒரு பாட்டம் திட்டினேன். தனியாகச் சுமந்தாயே, அதற்கு. பிறகு நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஏழாம் கட்டில் புதன்கிழமை காலியாகிறது. அதை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வாலுக்கு அடுத்த சுற்று ஊசிக்காக நாங்கள் ஆறிலேயேதான் இருக்கிறோம். மஜ்ஜை வைக்கிற தனியறைக்குப் போகிற வரைக்கும் நீ என் பக்கத்தில்தான். முறை வைத்து அழலாம்.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நீ வந்தால் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், எனக்கு எரியும். பின்கழுத்து முடி இருந்தால் அதற்கும் எரியும். பட்டு பெரியவளாகி என் வாலுவைவிட உயரமாக என் முன்னால் வந்து நிற்கணும், அன்றைக்கும் எனக்கு வயிறு எரியணும். முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பத்தாம் தேதி லிஃப்ட் வாசலில் நிற்பேன். ஃபைலைத் திருப்பிப் பிடிக்காமல் வா. நானும் என் சிவப்பை வெளியே காட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

இரண்டு பேருக்கும் ஒரே துணியில் கவுன் தைத்திருக்கிறேன். கீழே மடித்துத் தைத்திருப்பதைப் பிரித்துவிட்டால் வளர வளரப் போடலாம். வாலுக்கு இரண்டு விரல் மடிப்பு, பட்டுக்கு நாலு விரல். வாலு அளந்து பார்த்துவிட்டாள். "அவளுக்கு மட்டும் ஏன் நாலு?" என்று சண்டை.

"அவ இன்னும் நிறைய வளரணும்டி" என்றேன்.

"நானும்தான் வளரணும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிரித்து அவளுக்கும் நாலு விரல் விட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் கட்டில் அக்கா