வலிக்காத கை

அண்ணா,

ஆஸ்பத்திரியில் அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. "ஃப்ளூ ஊசி போட்டுமா ஃப்ளூ இப்படி முத்திப்போச்சு?" என்று நீ கேட்டபோது, சிக்னல் இல்லையென்று ஃபோனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வயதானவர்கள் உடம்பில் தடுப்பூசி நன்றாக வேலைசெய்ய நான் உருவாக்கிய துணைமருந்தை, சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் ஊசியில்தான் சேர்த்தோம். அப்பாவும் சேர்ந்திருந்த அந்தச் சோதனையில் யார் யாருக்கென்று எங்களுக்கே தெரியாது. ஆனால் அது சேர்ந்திருந்தால் இரண்டு நாள் கை வலிக்கும்.

ஊசி போட்ட மறுநாள் அப்பா அதே கையாலேயே நாற்காலியைத் தூக்கிக் காட்டி, "பாத்தியாடி, உன் மருந்து என்னை ஒண்ணும் பண்ணல!" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் சோதனை கெட்டுவிடுமே என்று சிரித்துவைத்தேன்.

இப்போது அதே கையில் ஊசி ஊசியாகக் குத்துகிறார்கள். "வலிக்குதுன்னு ஒரு தடவ சொல்லுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை