வேர்வை அடங்குமுன் ஒரு வாய் தண்ணீர்

உன் பெண்டாட்டி பாக்கியம் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்ட நாளிலிருந்து எனக்கு மாப்பிள்ளையாகிப்போன என் அருமைக் கதிர்வேலு,

மாப்ளே, நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. பீங்கான் கடைக்காரன்; வந்த பெட்டியில் இத்தனை ஜாடி உடைசல் என்று கார்டு போடுவதோடு சரி. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் பேரில் ஓட்டம் வைத்திருக்கிறோம். கருவேப்பிலங்குறிச்சியில் கிளம்பி விருத்தாசலம் வரைக்கும், நீ கடைசியாக ஓடிய அதே ரோடு. பேர் கொடுத்திருக்கிற பையன்களில் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவர்கள். அதனால் இதை அச்சடித்து அவர்கள் கையிலும் கொடுக்கப்போகிறேன். நாம் பேசுவதை அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன் மச்சினன் மணியும் ஓடுகிறான். பாக்கியத்தின் கூடப்பிறந்த ஒரே தம்பி. நீ வேலை பார்த்த அதே பீங்கான் சூளையில் இன்றைக்கும் சரக்கு அடுக்குகிறவன், உன் பின்னாலேயே ஓடிப் பழகியவன். நீ ஓடியது மாதிரியே, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாமல் ஓடுவேன் என்கிறான். என் பயம் அதுதான். வேறு எதற்கும் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

ஓட்டத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தப் பையன்கள் கேட்பார்கள். நியாயம்தான். சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் கப்பு விற்ற காலத்தில் என் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கடை போட்டு உட்கார்ந்ததும் அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு!

“ஊறுகா ஜாடி வித்து வித்து நீங்களே ஒரு ஜாடியா ஆயிட்டீங்க மச்சான். காலையில வாங்க, ஓடலாம்.”

“நான் ஓடுனா ஊரே சிரிக்கும் மாப்ளே.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவனா வந்து உங்களுக்குப் பதிலா ஊசிக்குக் கைய நீட்டப் போறான்?”

மறுநாளே பாண்டிச்சேரிக்கு ஆள் அனுப்பித் தோல் பூட்ஸ் வாங்கினேன். நல்ல பொருளாக வாங்கினால் நன்றாக ஓடலாம் என்று வியாபாரிப் புத்தி. ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளம். நீ ரோட்டோரம் உட்கார்ந்து அதைக் கழற்றி, கையில் தூக்கிப் பார்த்தாய். “லாடம் அடிச்ச மாடுகூட இதைவிட லேசா ஓடும் மச்சான்” என்றாய்.

ஆகவே பையன்களா, ஷூ பற்றி முதலில் சொல்கிறேன். சாதாரண கான்வாஸ் ஷூ போதும். அதைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். நாளெல்லாம் நின்ற கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ ஓடும்போது கடிக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருக்க வேண்டும். புது ஷூவைப் பந்தயத்தன்று போடாதே. வீட்டுக்கும் கடைக்கும் போட்டு நடந்து பழக்கியதைப் போடு. வெறுங்காலில் ஓடிப் பழகியவன் வெறுங்காலிலேயே ஓடட்டும், ஒருநாள் கூத்துக்கு மாற்ற வேண்டாம். இதெல்லாம் கதிர்வேலு சொன்னது. நான் சொன்னால் எவன் கேட்பான்?

நீ எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததே ஒரு வேடிக்கை. முதல் நாள் ஓடவே விடவில்லை. ஒரு தந்திக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரைக்கும் நடை. “பேசிக்கிட்டே ஓடுங்க. பேச்சு அறுந்துச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்” என்பாய். எனக்குப் பேச்சு எங்கே அறுந்தது? களிமண் விலையையும் கப்பு விலையையும் பேசிக்கொண்டே ஓடினேன். அதைக் கேட்டு நீ ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

காலைத் தூரத்தில் எட்டிப் போடாதே, உடம்புக்கு நேர் கீழே போடு என்றாய். தரையைப் பார்த்து ஓடினால் கழுத்து வலிக்கும், முன்னால் போகும் மாட்டுவண்டியைப் பார் என்றாய். நான் இரண்டு கையையும் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இறுக்கிக்கொள்வேன். நீ என் முஷ்டியைப் பிரித்துவிட்டுச் சொன்னாய்: “அச்சுலேருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கப்பு உள்ளங்கையில இருக்குதுன்னு நெனச்சிக்குங்க. இறுக்குனா நசுங்கும், விட்டா வுழுந்துடும்.” அன்றோடு என் தோள்வலி போனது. வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டால் நின்றுவிடாமல் மெதுவாகப் போய் மூச்சை நீளமாக வெளியே விடச் சொன்னாய். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பந்தயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு நல்லூர்ப் பக்கம் பித்தளைக் குடம் பரிசு என்று வைத்த ஓட்டத்தில் மேளம் அடித்ததும் எல்லாரும் நாய் துரத்தியது மாதிரிப் பறந்தார்கள். நீ கடைசியில் நிதானமாகக் கிளம்பினாய். நான் சைக்கிளில் வந்தவன், “மாப்ளே, குடம் போச்சு!” என்று கத்தினேன். பாதி வழியில் ஒவ்வொருவனாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பித்தளைக் குடம் இப்போதும் பாக்கியம் வீட்டில் இருக்கிறது. மேளத்துக்கு ஓடாதே, உன் மூச்சுக்கு ஓடு. பையன்களா, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இத்தனையும் சரியாகச் சொன்னவன் நீ. ஒன்றே ஒன்றைத்தான் தப்பாகச் சொன்னாய். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

சூளைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூடு முழுக்க இறங்காத சூளைக்குள் போய்ச் சரக்கைப் பிரித்து எடுப்பவர்கள், வெளியே வந்ததும் தண்ணீர்ப் பானைப் பக்கமே போக மாட்டார்கள். சூடான பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். சூடான உடம்பும் அப்படித்தான் என்பது அவர்கள் கணக்கு. வேர்வை அடங்கட்டும், அப்புறம் செம்பைத் தொடு. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள், எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நீ அதை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவந்தாய். ஓடும்போது தண்ணீர் கூடாது, ஓடி முடித்து வேர்வை அடங்கிய பிறகுதான் என்றாய். விடியற்காலையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வருகிறவர்களுக்கு அதில் பெரிய கெடுதல் தெரியவில்லை. நானும் சரியென்றே இருந்தேன்.

போன சித்திரையில் காலை ஆறு மணிக்கென்று சொன்ன ஓட்டத்தை, தலைமை தாங்க வருகிறவர் வரவில்லை என்று வெயில் ஏறும் வரைக்கும் நிறுத்திவைத்தார்கள். மாலை மரியாதை எல்லாம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது தார் இளகிக்கொண்டிருந்தது. நான் இந்த முனையில், விருத்தாசலத்தில் நின்றேன். வழியில் ஒரு அம்மா மோர் நீட்டியதாகவும், நீ சிரித்தபடி வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் போனதாகவும் பின்னால் ஓடிவந்த மணி சொன்னான். வாய்க்கால் பாலத்தில் விழுந்தாய். சேதி கேட்டு நான் கார் பிடித்து வந்தேன். காரில் ஏற்றியபோது ஏதேதோ உளறினாய். உன் உடம்பைத் தொட்டேன்; கொதித்தது, ஆனால் காய்ந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

கண் பட்டுவிட்டது என்றார்கள். நெஞ்சு வலி என்றார்கள். குடத்துக்கு ஆசைப்பட்டவன் எவனோ செய்வினை வைத்தான் என்றுகூடச் சொன்னார்கள். நான் தட்டிப் பார்க்காமல் ஒரு கப்பையும் வாங்காதவன். காரியம் முடிந்ததும் உன்னைப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். “வெயிலுங்க. உடம்புல தண்ணி இல்ல. வேர்க்கிற வரைக்கும்தான் உடம்பு தன்னைக் குளுத்திக்கும். வேர்வை நின்னுபோச்சுன்னா ஆபத்து” என்றார்.

மாப்ளே, வேர்வை அடங்கட்டும் என்று நீ காத்திருந்தாய். அது அடங்கியபோதுதான் விழுந்தாய். சூளையில் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்வாய், காற்று வரும், கொஞ்ச நேரத்தில் செம்பைத் தூக்குவாய். ரோட்டில் உனக்கு எந்த மரத்தடி இருந்தது? பீங்கானுக்குச் சொன்ன சட்டம் மனுஷனுக்கு எப்படிப் பொருந்தும் என்று நம்மில் ஒருவனுக்குக்கூட ஏன் தோன்றவில்லை?

அதற்கப்புறம் நான் குடித்துப் பார்த்தேன். ஓடுகிற ஓட்டத்திலேயே, வேர்வை கொட்டும்போதே, வாய்வாயாக. எனக்கு எங்கேயும் விரிசல் விடவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து ஓட்டத்துக்கான ஏற்பாடு பேசினோம். வழி நெடுகத் தண்ணீர்ப் பானை வைப்போம் என்றேன். மணி எழுந்துவிட்டான்.

“வெச்சிக்குங்கண்ணே. நான் தொட மாட்டேன்.”

“ஏன்டா?”

“மாமா பேருல ஓட்டம் வெச்சிட்டு, மாமா சொன்னத மீறச் சொல்றீங்களா? சூளைக்காரன் சூடு தாங்குவான். உங்கள மாதிரி நெழல்ல ஒக்காந்து விக்கிறவங்களுக்கு வேணும்னா தண்ணி வேணும்.”

“உன் மாமா அதாலதான்டா செத்தான்.”

சொல்லியிருக்கக் கூடாது. பாக்கியம் உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. விழாப் பந்தலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்க வந்தவள், வாசற்படியிலேயே நின்றாள்.

“அப்ப என் வூட்டுக்காரரு புத்தியில்லாம செத்தாருன்னு மைக்குல சொல்லப் போறீங்களாண்ணே?”

மணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவளும் போய்விட்டாள். ஓட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் மட்டும்? மணி தனியாக அதே ரோட்டில், அதே வெயிலில் ஓடிக்காட்டுவான். அவன் குணம் உனக்குத் தெரியாதா?

நேற்றுக் காலையில் கடை திறக்கும்போதே பாக்கியம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்கண்ணே. அந்த மோரக் குடிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரா?”

இருந்திருக்க மாட்டான் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதல். இருந்திருப்பான் என்று சொன்னால் ஆயுசு முழுக்க அந்த மோர்ச் செம்பு அவள் கண்முன்னால் நிற்கும். எது தர்மம் மாப்ளே? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு மணியின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஒரு மோரு மட்டும் போதுமான்னு தெரியலம்மா. வழியில அங்கங்க நின்னு குடிச்சிட்டு வந்திருந்தா, இருந்திருப்பான்னுதான் டாக்டரு சொல்றாரு.”

அவள் அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு புத்தி கெட்டவரு இல்ல.”

“இல்லவே இல்லம்மா. யாருக்குமே தெரியாது அப்ப.”

“இப்பத் தெரிஞ்சிபோச்சு இல்ல? அப்ப எழுதுங்க. நோட்டீசுல கொட்டை எழுத்துல போடுங்க. வாய்க்கா பாலத்துப் பானையில நான்தான் நிப்பேன். அக்கா கையால குடுக்கிற தண்ணிய வாணாம்னு எப்படித் தாண்டிப் போறான்னு பாக்கறேன்.”

அந்தப் பாலத்தின் பக்கமே இத்தனை மாதமாகப் போகாதவள் அவள். பஸ்ஸில் போனாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எழுதுகிறேன். பையன்களா, கதிர்வேலு நல்ல ஓட்டக்காரன். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடியதால் செத்தான். கிளம்புமுன் உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். ஒவ்வொரு பானையிலும் இரண்டு வாய் குடியுங்கள், வயிறு தளும்பக் குடிக்காதீர்கள். தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ, உடம்பு சிலிர்த்தாலோ, வேர்வை நின்றுபோனாலோ அந்த இடத்திலேயே நிழலுக்குப் போங்கள். பக்கத்தில் ஓடுகிறவன் உளறினால் அவனை உட்கார வைத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். உங்கள் குடம் போனால் போகட்டும். யார் வந்தாலும் வராவிட்டாலும் விடிந்ததும் ஓட்டம் கிளம்பிவிடும்.

மணிக்கு இதுவரை கோபம் தணியவில்லை. பாக்கியம் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னானாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. குடிப்பானா, அக்காளின் கையைத் தட்டிவிட்டுப் போவானா?

ஒரு வாக்குத் தருகிறேன் மாப்ளே. பாலத்தில் பாக்கியத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அவள் கொடுத்தும் அவன் குடிக்கவில்லையென்றால், என் உடம்பு முழுவதையும் ரோட்டுக்குக் குறுக்கே போட்டாவது அவனைக் கட்டிப் பிடித்து நிறுத்துவேன். அடித்தால் அடிக்கட்டும். ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். பேசாமலிருக்க அவன் உயிரோடு இருக்க வேண்டுமே. உன் பேச்சு ஒன்றைப் பொய்யாக்கித்தான் உன் மச்சினனைக் காப்பாற்ற முடியும் என்றால், அதை ஊரறிய நான் செய்வேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனாகவும் அவள் தம்பிக்குக் காவலாகவும் நிற்கிற,
உன் மச்சான்
ரத்தினம்