பொத்தான் படத்தில் தெரிந்த விரல்

குட்டிம்மா,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு மீதியைப் படி. வெறும் வயிற்றில் கோபப்படாதே.

நேற்று மத்தியானம் நீ முறைத்துக்கொண்டு அறைக்குள் போனதும், நம் பொத்தான் கடைக்காக நீ கம்ப்யூட்டரில் செய்து வைத்த ஆர்டர் படிவத்தில் கை வைத்துவிட்டேன். உன் கட்டைவிரல் தெரிகிற அந்த ஒரு பொத்தான் படத்தைத்தான் நீக்கினேன். அதற்குக் கீழே இருந்த இருநூறு படங்களும் ஒரு வரிசை மேலேறிவிட்டன. பக்கத்தில் இருக்கும் பொத்தான் எண்கள் மட்டும் அசையவில்லை. பழையபடி இறக்கத் தெரியவில்லை. எதைத் தொட்டாலும் ‘சேமிக்கப்பட்டது’ என்கிறது.

பள்ளிச் சீருடை தைக்கிறவர் வெள்ளைப் பொத்தான் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறார். நான் அதன் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து வாத்துப் பொத்தான் ஐம்பது பாக்கெட் அனுப்பிவிட்டேன். “அண்ணே, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதா, குளத்துக்குப் போகுதா?” என்று காலையில் போனில் கேட்கிறார். மாற்றிக் கொடுக்கத்தான் ஓடுகிறேன்.

கடைச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

அப்பா

“நாம என்ன விரலையா விக்கிறோம்?” என்று நேற்று நான் உன்னிடம் கத்தியிருக்கக் கூடாது.

இன்னொன்று, ஓரத்தில் எழுதுகிறேன்: அந்தப் படத்தை அதே இடத்தில் வைத்துவிடு. விரலோடயே இருக்கட்டும். அதுதான் இத்தனையையும் பிடித்து நிறுத்தியிருந்திருக்கிறது.