போர்த்தாத கோடி

அக்கா,

சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இன்று என் மகள் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். ஸ்பிரிட் வாசனை மரக்காணம் வரை போகவில்லை. கீற்று மூடிய உப்புக் குவியல்கள் ஜன்னலில் தெரிந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது உப்பளத்து வெயில் சூடு என்றார்கள். நம்பினோம். நீயோ ஒரு நாளும் அளத்தில் இறங்காதவள். உனக்கும் வந்தது. டாக்டர் உன் ரத்தத்தைச் சோதித்து, இது அம்மா வழியாக வந்தது, தம்பிக்கும் இருக்கலாம் என்றார். மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"உம் பொண்ணு எம் புள்ளைக்கு வேணாண்டா. அவனுக்கும் பாத்தாச்சு, இருக்குதாம். ரெண்டு பக்கமும் இருந்தா பொறக்கற புள்ளைங்களுக்கு ஆபத்தாம். நீயும் ரத்தம் குடுத்துப் பாரு."

தொட்டிலில் கிடந்தபோதே நீயாகக் கேட்டு வைத்த பெண். பாண்டிச்சேரியில் வசதியான இடம் பார்த்துவிட்டாய், இது சாக்கு என்று நினைத்தேன். வருடந்தோறும் பள்ளியில் மரபியல் பாடம் நடத்துகிற நான் கேட்டேன்: "பொம்பளைங்க வியாதிக்கு ஆம்பள எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

"நீதானடா வாத்தியாரு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அதன்பின் உன்னோடு பேசவே இல்லை. நீ போனபோது பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் உன்மேல் போர்த்தியிருக்க வேண்டும். அரக்கு நிறத்தில் சேலை வாங்கிக்கொண்டு உன் தெருமுனை வரை வந்தேன். பறைச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். பங்காளி ஒருவர் போர்த்தினாராம்.

பிறகு வந்த வரன்களையெல்லாம் மகள் தடுத்தாள். "அத்த சொன்னத நீ பாக்கலன்னா நான் பாக்கறேம்பா" என்றாள். அதற்காகத்தான் முதலில் நான் ரத்தம் கொடுத்தேன். எனக்கு இருக்கிறது, அக்கா.

இன்று அவள் கொடுத்தாள். ஊசி ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. இருக்கவும் பாதி வாய்ப்பு, இல்லாதிருக்கவும் பாதி என்றார் டாக்டர். நான் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கிய அதே கணக்கு.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. இன்னொரு முறை வந்து கேட்டிருக்கலாம் நீ.

வீட்டுக்கு வந்ததும் துணி மாற்ற பீரோவைத் திறந்தவள், பிரிக்காத கடைப் பையை எடுத்து யாருக்கு என்று கேட்டாள். அத்தைக்கு வாங்கியது என்றேன். பையை அதே இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம்.