கயிற்றின் மேல் முனை

மே 3
இந்த யூட்டாவில் நான் கயிறு கட்டி இறங்காத பள்ளத்தாக்கு இல்லை. கழுகுகூட என்னிடம் வழி கேட்டுத்தான் பறக்கும். அப்பேர்ப்பட்ட எனக்கு அக்கா மகள் மேரன் ஒரு வேலை கொடுக்கிறாள். சனிக்கிழமை தன் வருங்கால மாப்பிள்ளை ரூலனோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்கப்போகிறாளாம். அந்தப் பாறையில் ஆணி அடிக்கக் கூடாது. கயிறு கட்ட மரமும் கிடையாது.

"மேல யாராவது கனமா உட்காந்து கயித்த இடுப்புல கட்டிக்கணும். நீங்க வாங்க மாமா."

எப்போதும் முதலில் இறங்குகிறவன் நான்! என்னைப் போய்ப் பாறாங்கல் ஆக்குவதா?

மே 4
எவ்வளவு கொழுப்பு அவளுக்கு என்றேன். "கொழுப்பு யாருக்குங்க?" என்கிறாள் வெர்டா. கட்டியவளே இப்படி.

மே 6
இரண்டு நாளாக உருளைக்கிழங்கைத் தொடவில்லை. பாதியாக இளைத்துவிட்டேன். தராசு ஒத்துக்கொள்ளவில்லை - பழைய தராசு.

மே 7
விளிம்பில் நின்று சண்டை போட்டேன். மேரன் காதில் வாங்காமல் என்னை மணலில் உட்காரவைத்துக் கயிற்றைக் கட்டினாள். "காலைல நல்லா சாப்பிட்டீங்களா மாமா?" என்றான் ரூலன். பல்லைக் கடித்துக்கொண்டேன். பாதி வழியில் அவனுக்குக் கால் வழுக்கியது. பிடித்தேன். நான் நாலடி சறுக்கியதாக மேரன் சொல்கிறாள், மலைதான் நகர்ந்தது.

பிறகு அவள் பாறை இடுக்கில் கால்களை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து என்னை இறக்கினாள். சரி, அவளை யார் பிடிப்பது? கேட்பதற்குள் கயிற்றைக் கீழே எறிந்துவிட்டாள். அடிப் பாவி! கழுத்து ஒடிஞ்சா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஒரு சுவரில் முதுகு, எதிர்ச் சுவரில் கால். அப்படியே ஊர்ந்து வந்தாள். கடைசிப் பத்தடியில் சுவர்கள் விலகிவிட்டன. ரூலன் கைநீட்டி ஓடிவந்தான்.

"நீ தள்ளிக்கோ. மாமா, அங்கயே நில்லுங்க. வரேன்."

குதித்தாள். மல்லாந்து விழுந்தேன். என் மேல் அவள். ஒரு கீறல் இல்லை அவளுக்கு.

"முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா?" என்று கத்தினேன்.

"கீழ நீங்க இல்லேன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

அதற்கும் கோபம்தான் வந்தது.

மே 8
சர்ச் பெஞ்சில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்தவளைப் பிடித்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்திலிருந்த மேரன் திருத்தவில்லை.

மே 10
தட்டில் ஒரே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள் வெர்டா. இன்னும் வை என்றேன். ஜூனில் வேறொரு பள்ளத்தாக்காம், மேரன் என்னைத்தான் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள்.