ஒன்பதாம் எண் கண்ணாடி

செப்டம்பர் 22, 2025, திங்கள்

ஒன்பதாம் எண் இன்று 78 காட்டியது. நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். 78, 77, 78.

கறுப்பு வெள்ளைக் கோடுகளை எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொண்டால் எதிரே எழுத்து மிதக்க வேண்டும், அதற்குத்தான் நாலு வருடப் பாடு. மூலையில் நுண்ணிய கோடுகள் கீறிய சின்னச் சதுரம் வழியாக வெளிச்சம் நுழையும். மெல்லிய கண்ணாடிக்குள்ளேயே முட்டி மோதிப் போய், கண்ணுக்கு நேரே வெளியே வரும். வருகிற வழியில்தான் எல்லாம் கெடும். வானவில் படியும், எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து விழும், கறுப்பு சாம்பலாகும். பெங்களூரில் கெஞ்சிக் கூத்தாடிச் செய்து வாங்கிய பதினொன்றில் தேறியது இது ஒன்றுதான். அடுத்தது ஏழாம் எண், அதற்கு 41. மற்றதைச் சொல்ல வேண்டாம்.

அக்டோபர் 9 ஆய்வுக்குழு வருகிறது. தெளிவான படத்தைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள் என்று துறைத்தலைவர் ராஜபாண்டி சார் சொல்லியிருக்கிறார்.

ஆய்வக உதவியாளர் இருளாண்டி அண்ணன், "என்ன தாயி, முகமெல்லாம் சிரிப்பு?" என்றார்.

"அண்ணே, இனிமே இதுதாண்ணே எனக்கு எல்லாம்" என்று கண்ணாடியைக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

செப்டம்பர் 29

திருச்சுழி பஸ்ஸை விடக்கூடாது என்று ஓடிவந்துவிட்டேன். ஒன்பதாம் எண் தாங்கியிலேயே நிற்கிறது. பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 30

போச்சு.

செப்டம்பர் 30, மறுபடியும்

இப்போதாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

நாளை விடுமுறை என்பதால் கல்லூரியில் இன்றே ஆயுத பூஜை. நான் போவதற்குள் இருளாண்டி அண்ணன் அறையைக் கழுவி, பொரி கடலை எடுத்து வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். லேசருக்கு, கணினிக்கு, திருப்புளிக்கு, ஸ்டேப்ளருக்கு. ஒன்பதாம் எண்ணுக்கும்.

பெரிதாக வைக்கவில்லை. அழுக்காகிவிடக் கூடாதென்று தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு. சரியாக அந்தச் சின்னச் சதுரத்தில். வெளிச்சம் நுழையும் வாசலில்.

"அதுதான் தாயி நெத்தி மாதிரி இருந்துச்சு. எல்லாத்துக்கும் வச்சுட்டு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? நீங்கதானே இதுதான் எல்லாம்னு சொன்னீக."

என்னென்னவோ கத்தினேன். அறிவிருக்காய்யா என்று கேட்டேன். அப்பா வயது ஆள். அவர் துடைக்க வந்தார் — தொடாதே என்று அலறினேன். பூசணிக்காய் உடைக்கக் கூடியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்டோபர் 6

அந்தச் சதுரத்தில் ஒரு முடியின் அகலத்துக்குள் நூற்றைம்பது கோடு. அத்தனை இடுக்கிலும் சந்தனம். தண்ணீரில் போகவில்லை. மருந்தில் ஊறவைத்தேன், சந்தனம் போனது, கோடுகளும் உரிந்து கூடவே போயின. இப்போது அது வெறும் ஜன்னல் கண்ணாடி.

அக்டோபர் 7

அவகாசம் வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கொடு என்றார் சார். 'ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால்' என்று எழுதினேன். பூட்டாமல் விட்டதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அவகாசம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அதனால்தான் எழுதவில்லை, வேறென்ன.

அக்டோபர் 13

பிப்ரவரி கடைசி வரை அவகாசம். இருளாண்டி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். அவர் கான்ட்ராக்ட் ஆள், ஒரு போன் போதுமாம்.

இதற்காக நான் எழுதவில்லை. இதற்காக எழுதவில்லையா?

நவம்பர் 19

புதிதாகச் செய்து வாங்கலாமென்றால் பெங்களூரில் இனி அடுத்த ஜூன்தான் முறை. ஏழாம் எண்ணை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கணினியில் கணக்குப் போட்டு நிழல் எழுத்தைக் கழித்தால் 41ஐ 60 ஆக்கலாம் என்று சாரிடம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 2, 2026

ஏழாம் எண் 23.

பிப்ரவரி 4

21. கணக்கில் தப்பில்லை. லேசரில் தப்பில்லை. நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடியைப் பார்த்தேன், முழுக்கத் தூசி. ஒவ்வொரு தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, கறுப்பு வெளுக்கிறது. ரோட்டில் மக்காச்சோளம் அடிக்கிறார்கள், காற்று நேராக இங்கேதான் வருகிறது. போன வருடமும் அடித்தார்களே? அப்போது எப்படி இல்லை?

ஜன்னலைச் சுற்றி வரிசையாக ஆணிகள். இதுவரை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 5

வெட்கத்தை விட்டு இருளாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். மன்னிச்சிருங்கண்ணே என்று ஆரம்பித்தேன், அவர் காதில் வாங்கவில்லை.

"ஆணியில ஈரத்துணி கட்டணும் தாயி. ஏழு மணிக்கு முன்னாலயே. தரையிலயும் தண்ணி தெளிச்சு விடுங்க. நீங்க வாரதுக்குள்ள காஞ்சிரும், அதான் உங்களுக்குத் தெரியல."

நாலு வருடம்.

பிப்ரவரி 9

முதல் பஸ்ஸில் போய்த் துணி கட்டினேன்.

பிப்ரவரி 18

கண்ணாடியைக் கழுவி, ஒரு வாரம் துணி கட்டியபின் 40. என் நிழல் கழிக்கும் கணக்கைச் சேர்த்தால் 42. நாலு வருடப் படிப்புக்கு இரண்டு மார்க்.

பிப்ரவரி 20

நான்தான் பூட்டாமல் போனேன் என்று சாரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டார். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. இனிமே இதை வச்சு என்ன செய்ய?"

பிப்ரவரி 27

42ஐக் காட்டினேன். மூடிவிட்டார்கள். குழுவில் ஒருவர் மட்டும், "இருபத்தொன்று நாற்பதாகியிருக்கிறதே, எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஈரத்துணியா என்று சிரித்தார்கள்.

அறிக்கையில் இருளாண்டி அண்ணன் பெயரைப் போட இடமில்லை. துணியை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் காயப் போட்டுவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.